"எனது கவனக்குறைவால்…" – அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்

(தகவல் தொழில்நுட்ப அணியின் மாவட்டப் பயிற்சி முகாமில் நம் அணித் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கட்டாயம் பகிருங்கள். – அட்மின்)



என்னை டேட்டா, டிசைன், ட்ரெண்டிங் பத்திப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அதை மதியம் வேற தோழர் பேசுவார். நான் மாவட்டப் பொறுப்பாளர் அண்ணன்கிட்ட இருபது நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கேன். ஒரு கடிதத்தைப் பத்திச் சொல்லணும்.

நான் இன்ஜினியரிங் முதல் வருஷம் படிச்சப்போ, ஒர்க்‌ஷாப் வகுப்பு நடந்துக்கிட்டு இருந்தது. உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், முதல் வருஷத்துல எந்த பிரிவா இருந்தாலும் ஃபிட்டிங், கார்பென்டரி, வெல்டிங்னு ஒரு ரவுண்டு உண்டு. அன்னைக்கு எங்க பேட்ச்சுக்கு டிரில்லிங். மூணு மில்லிமீட்டர் தகட்டுல ஓட்டை போடணும். தகட்டை வைஸ்ல இறுக்கிட்டுத்தான் போடணும்னு ரெக்கார்டு நோட்டில் நாங்களே படம் வரைஞ்சு எழுதியிருக்கோம். ஆனா அந்த மெஷின்ல வைஸ் இல்ல. அதோட திருகு உடைஞ்சு ஸ்டோர்ல கிடந்தது, நாங்க காலேஜ் சேர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சதாம். அதனால எல்லாரும் கையால பிடிச்சுக்கிட்டுத்தான் போட்டோம். நானும் அப்படித்தான் போட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல.

எனக்கு அடுத்து என் நண்பன். ஓட்டை முடியுற நேரம்தான் ஆபத்தான நேரம். டிரில் முனை அடிப்பக்கம் வெளியே வர்றப்போ தகட்டைக் கவ்விக்கும். கவ்வினதும் தகடு டிரில்லோட சேர்ந்து சுத்த ஆரம்பிச்சிடும், மின்விசிறி இறக்கை மாதிரி. அவன் வலது உள்ளங்கையில் இருந்து ரெண்டு விரல் வரைக்கும் அறுத்துட்டுப் போயிடுச்சு.

முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. சாவி வேற பில்டிங்ல. அதை விடுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, தையல் போட்டாங்க, அந்தச் செலவைக்கூட நிர்வாகம் கட்டுச்சு. நான் பொய் சொல்லல. நாலு நாள் கழிச்சு அவனை ஆபீஸுக்குக் கூப்பிட்டாங்க. அவன் அப்பா வெளியூர்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தார், அதனால துணைக்கு நான் போனேன். ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, ஒரு சார் சொல்லச் சொல்ல எழுதணும்னாங்க. அவன் வலது கை முழுக்கக் கட்டு. எப்படி எழுதுவான்? "நீ எழுதுப்பா"ன்னு பேனாவை என்கிட்ட நீட்டினாங்க.

"எனது கவனக்குறைவால் இவ்விபத்து ஏற்பட்டது. இதற்குக் கல்லூரி நிர்வாகம் எவ்விதத்திலும் பொறுப்பல்ல."

ஒரு வரி பிழையில்லாம எழுதினேன். அவன் இடது கையில கையெழுத்துப் போட முயற்சி பண்ணான், சரியா வரல. இங்க் பேட் கொண்டு வந்து வச்சாங்க. பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல மார்க் எடுத்து, குடும்பத்துல முதல் ஆளா காலேஜ் வந்தவன், கைநாட்டு வச்சான்.

இன்னைக்கு அவன் ஒரு ஐடி கம்பெனியில இருக்கான். நல்லா இருக்கான். ரெண்டு விரல் முழுசா மடங்காது, மத்த விரல்களால டைப் அடிக்கிறான். பேரைச் சொல்லாம இதைச் சொல்லிக்கோன்னு அவனே சொன்னதாலதான் இங்க நின்னு பேசுறேன்.

தோழர்களே, அந்த "கவனக்குறைவு"ங்கிற வார்த்தையைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

லேத்தை எடுத்துக்கோங்க. கடைசல் பட்டறையில 40 மில்லிமீட்டர் கம்பி ஒண்ணு நிமிஷத்துக்கு 600 சுத்து சுத்துதுன்னு வைங்க. ரொம்ப வேகம் இல்ல, சாதாரணம். நொடிக்கு 10 சுத்து. அந்தக் கம்பியோட சுற்றளவு 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சட்டைக் கை அதுல மாட்டிடுச்சுன்னு மூளைக்குத் தெரிஞ்சு, கையை இழுக்கணும்னு உடம்பு ஆரம்பிக்கவே கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில் கம்பி ரெண்டரைச் சுத்து சுத்தியிருக்கும். அதாவது ஒரு அடிக்கும் மேல துணியை உள்ளே இழுத்திருக்கும். நீங்க எவ்வளவு கவனமான ஆளா இருந்தாலும் சரி, உலக செஸ் சாம்பியனாவே இருந்தாலும் சரி, அந்தக் கணக்கு மாறாது. அதனாலதான் மெஷினுக்கு கார்டு வேணும், கைக்கு எட்டுற இடத்துல சிவப்பு காளான் பட்டன் வேணும், முடிஞ்சா கால்ல மிதிக்கிற பிரேக் வேணும்னு சொல்றாங்க. மனுஷன் தப்பு பண்ணுவான்னு ஒத்துக்கிட்டுத்தான் மெஷினை டிசைன் பண்ணணும். அதுக்குப் பேருதான் இன்ஜினியரிங். அதைச் சொல்லிக் கொடுக்கிற இடத்திலேயே அது இல்லைன்னா என்ன அர்த்தம்?

சக் கீ தெரியுமா? லேத்துல வேலைப் பொருளை இறுக்குற டி வடிவச் சாவி. அதைச் சக்கிலேயே மறந்து வச்சுட்டு மெஷினை ஆன் பண்ணா, அது ஈட்டி மாதிரிப் பறந்து வரும். "சக் கீயை எடுத்துட்டுத்தான் ஸ்விட்ச் போடணும்"னு எல்லாப் பட்டறைச் சுவத்துலயும் எழுதியிருக்கும். ஆனா உள்ளே ஒரு ஸ்பிரிங் வச்ச சக் கீ ஒண்ணு உண்டு. கையை எடுத்தா அது தானா வெளியே தள்ளிக்கிட்டு விழுந்துடும், மறக்கவே முடியாது. சுவத்துல எழுதுற பெயின்ட் செலவும் அந்த ஸ்பிரிங் செலவும் பெரிய வித்தியாசம் இல்ல. எழுதினா பொறுப்பு பையன் மேல, ஸ்பிரிங் வாங்கினா பொறுப்பு நம்ம மேல. அதான் எழுதுறாங்கன்னு எனக்குத் தோணுது.

அடுத்தது கரண்ட் கட். இது நம்ம ஊர் விஷயம். பெஞ்ச் கிரைண்டர் ஓடிக்கிட்டு இருக்கு, கரண்ட் போயிடுது. சாதாரண டாகிள் ஸ்விட்ச், ஆன்லயே நிக்குது. பையன் மெஷின் நின்னுடுச்சேன்னு சக்கரத்துப் பக்கம் கையை வச்சுப் பார்க்கிறான். கரண்ட் வருது. கரண்ட் திரும்ப வந்தாலும் யாராவது பட்டனை அழுத்தினாத்தான் ஓடணும்கிற மாதிரி ஸ்டார்ட்டர் இருக்கு, பெரிய மோட்டார்களுக்கு அதைத்தான் போடுறாங்க. சின்ன மெஷினுக்கு எவன் போடுறான்?

எலக்ட்ரிகல் லேப்ல கேளுங்க, "எம்சிபி போட்டிருக்கோம் சார், சேஃப்டி"ம்பாங்க. நான் படிச்சதே எலக்ட்ரிகல்தான், அதனால இதைச் சொல்லாம விட முடியல. எம்சிபி வயரைக் காப்பாத்தும், ஆளைக் காப்பாத்தாது. ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. பழைய ஆளுங்க ஈஎல்சிபிம்பாங்க. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே அது கட் ஆகிடும். 16 ஆம்பியர் எம்சிபி விழணும்னா அதைவிட ஐந்நூறு மடங்குக்கு மேல ஓடணும். அந்தக் கரண்ட்ல ரொம்பச் சின்னப் பங்கு நெஞ்சு வழியாப் போனாலே ஆள் காலி.

வெல்டிங்ல கண்ணு விஷயம் வேற மாதிரி. ஷீல்டு பத்து பேருக்கு ரெண்டு இருக்கும். மீதிப் பேர் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. அந்த வெளிச்சத்துல இருக்கிற புற ஊதாக் கதிர் கண்ணோட மேல் படலத்தைச் சுட்டுடும், ஆனா அப்போ ஒண்ணும் தெரியாது. சில மணி நேரம் கழிச்சு, ராத்திரி ஹாஸ்டல்ல படுத்தப்புறம்தான் கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வச்சுக்கிட்டுப் படுத்திருப்பானுங்க. மறுநாள் யாரும் அதை ஒர்க்‌ஷாப் விபத்துன்னு சொல்ல மாட்டாங்க, "ராத்திரி ஹாஸ்டல்லதானே வலிச்சது"ன்னு முடிஞ்சிடும்.

டிரஸ் கோடு பத்தியும் ஒண்ணு. காலேஜ்ல ஐடி கார்டு டேக் கழுத்துல தொங்கலைன்னா ஃபைன். பொண்ணுங்க ஷால் போடலைன்னா வாட்ச்மேன்ல இருந்து பிரின்சிபால் வரைக்கும் கேட்பாங்க. அதே டேக்கோட, அதே ஷாலோட லேத் முன்னாடி குனிஞ்சு நிக்கச் சொல்லுவாங்க. ஒழுக்கத்துக்காக வச்சிருக்கிற ரூல் எல்லாம் ஸ்ட்ரிக்ட், உயிருக்காக வச்சிருக்கிற ரூல் மட்டும் அட்ஜஸ்ட். ஆயுத பூஜைக்கு லேத்தைத் துடைச்சுப் பொட்டு வச்சு மாலை போடுறோம். நான் அதைக் குறை சொல்லல. அன்னைக்கே ஒரு கார்டையும் மாட்டலாமேன்னுதான் கேக்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வர்றேன். இதுதான் நம்ம அரசியல் பேச வேண்டிய இடம்.

1948-ல் வந்து 2025 வரைக்கும் அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தைப் பாருங்க. மெஷினுக்கு வேலி போடணும்னு 21-வது பிரிவு. ஆபத்தான மெஷினில் 18 வயசு ஆகாத பையனை நிறுத்தணும்னா, அதோட ஆபத்தை முழுசாச் சொல்லிக் கொடுத்து, போதுமான பயிற்சியோ விஷயம் தெரிஞ்ச ஆளோட மேற்பார்வையோ இருக்கணும்னு 23-வது பிரிவு. கண்ணுக்குப் பாதுகாப்பு 35-வது பிரிவு. இதெல்லாம்கூட எனக்குப் பெருசாத் தெரியல. 88-வது பிரிவுதான் என்னைத் தூங்க விடல. ஃபேக்டரியில அடிபட்டு ஒரு தொழிலாளியால 48 மணி நேரம் வேலைக்கு வர முடியலைன்னா, அதை நிர்வாகம் அரசுக்கு எழுத்துமூலமாத் தெரிவிக்கணும்னு அதுல இருந்துச்சு.

ஃபேக்டரியில 48 மணி நேரம் வரலைன்னா இன்ஸ்பெக்டருக்கு நோட்டீஸ் போகணும். ஐடிஐயில 48 மணி நேரம் வரலைன்னா? அட்டெண்டன்ஸ் குறையும். அவ்வளவுதான்.

ஏன்னா மாணவன் "தொழிலாளி" இல்ல. அதே லேத், அதே சக், அதே சுத்து. ஃபேக்டரியில இருந்தா அது ஆபத்தான மெஷின், ஸ்கூல்ல இருந்தா அது பாட உபகரணம். அதே சட்டத்தோட 86-வது பிரிவைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியம். கல்வி, பயிற்சி, ஆராய்ச்சிக்காக நடக்கிற பொது நிறுவனங்களோட சேர்ந்த பட்டறைகளுக்கு இந்தச் சட்டத்துல இருந்து மாநில அரசு விலக்கு கொடுக்கலாம்னு அதுல இருந்துச்சு. சட்டம் எழுதினவங்களுக்கு ஸ்கூல் பட்டறை ஞாபகம் வந்திருக்கு, பாதுகாக்கிறதுக்கு இல்ல, விலக்கு கொடுக்கிறதுக்கு. அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2020-ல் ஒன்றிய அரசு ஒரு தொகுப்புச் சட்டம் நிறைவேத்துச்சு. மின்சாரத்துல ஓடுற பட்டறையில 10 பேர் இருந்தா ஃபேக்டரின்னு இருந்ததை 20 பேர்னு ஏத்திட்டாங்க. தொழிலாளிக்கே வேலியைத் தள்ளித் தள்ளிப் போடுறாங்க, மாணவனை எங்க நினைக்கப் போறாங்க.

இன்னொரு வேடிக்கை. அப்ரண்டிஸ் சட்டம், 1961. ஐடிஐ முடிச்ச பையன் ஓசூர்லயோ அம்பத்தூர்லயோ ஒரு ஃபேக்டரிக்கு அப்ரண்டிஸா போறான். அவனும் தொழிலாளி இல்ல, பயிற்சியாளர்தான்னு அந்தச் சட்டமே சொல்லுது. ஆனா பாதுகாப்பு விஷயத்துல மட்டும் அவனைத் தொழிலாளியாவே நினைச்சு நடத்தணும்னு 14-வது பிரிவு சொல்லுது. அடிபட்டா முதலாளி இழப்பீடு கொடுக்கணும்னு 16-வது பிரிவு. அப்போ வழி இருக்கில்ல? மே மாசம் வரைக்கும் ஐடிஐ லேத்துல நின்ன அதே பையன், ஜூலையில ஃபேக்டரி லேத்துல நிக்கிறான். நடுவுல அவன் உடம்பு மாறலையே. ஒரு வரி சட்டத்துல சேர்த்தா போதும், அந்தப் பாதுகாப்பை ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டு வந்துடலாம்.

இது நம்ம ஊர் ஓட்டை மட்டும் இல்ல. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகம், 2011 ஏப்ரல். இயற்பியல் படிச்ச கடைசி வருஷ மாணவி, ராத்திரி பட்டறையில தன்னோட புராஜெக்ட்டுக்காக லேத்துல வேலை பார்த்துக்கிட்டு இருந்தப்போ தலைமுடி மாட்டி இறந்துபோனார். உலகத்துலயே பணக்காரப் பல்கலைக்கழகங்கள்ல ஒண்ணு அது. அந்த நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்பு வந்து பார்த்துட்டு, லேத்துல தேவையான தடுப்புகள் இல்லைன்னு கடிதம் எழுதினாங்க. பல்கலைக்கழகம் அதை ஏத்துக்கல, அது வேற விஷயம். ஆனா அபராதம் போட்டாங்களான்னா, இல்ல. அவர் ஊழியர் இல்ல, மாணவி. அதனால அவங்க அதிகாரத்துக்குள்ள வரல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கலிபோர்னியாவுல ஒரு பல்கலைக்கழக ஆய்வகத் தீயில் கருகி ஒரு பொண்ணு இறந்தப்போ அபராதமும் போட்டாங்க, பேராசிரியர் மேல குற்ற வழக்கும் வந்துச்சு. அவர் சம்பளம் வாங்குற ஆராய்ச்சி உதவியாளர். ரெண்டுமே அம்மா அப்பா பெத்து வளர்த்த இருபதுகளில் இருந்த பிள்ளைங்கதான்.

ஒண்ணு தெளிவாச் சொல்லிடுறேன், இதைக் கேட்டுட்டு யாரும் ஐடிஐ மாஸ்டர்களைத் திட்டி மீம் போட்டுடாதீங்க. ஒரு மாஸ்டர், இருபது பசங்க, ஆளாளுக்கு ஒரு மெஷின். எந்த மனுஷனாலயும் எல்லாக் கையையும் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. பாதி இடத்துல வைஸுக்குத் திருகு வாங்கித் தாங்கன்னு எழுதிக் கொடுத்து, பதில் வராம அலுத்துப் போனவங்க அவங்க. விபத்து நடந்தா முதல்ல மெமோ வாங்குறதும் அவங்கதான். எங்க காலேஜ்லயும் அந்த லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான் சட்டையெல்லாம் ரத்தமா நண்பனைத் தூக்கிட்டு ஓடினார்.

புது மெஷின் வருதேன்னு கேட்கலாம். உண்மைதான். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோட சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களா மாத்துற திட்டம் 2,800 கோடி ரூபாய்க்கு மேல. நல்ல திட்டம், மறுக்கல. சிஎன்சி மெஷின்ல கதவு மூடலைன்னா ஸ்பிண்டில் சுத்தாது, இன்டர்லாக் இருக்கு. ஆனா அந்த ஏசி ஹாலுக்குப் பின்னாடி இருக்கிற ஷெட்டுல பழைய லேத்தும் கிரைண்டரும் ஓடத்தான் போகுது. அடிப்படை அங்கதான் கத்துக்கணும். அதுக்கும் தனியார் ஐடிஐ, பாலிடெக்னிக்குகளுக்கும் என்ன வழி?

ஃபேக்டரியைப் பார்க்கத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கு. ஐடிஐ வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்குக் கீழே. பாலிடெக்னிக் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குக் கீழே. மெஷின் ஒண்ணுதான், ஃபைல் மட்டும் வேற வேற கட்டடத்துல இருக்கு. பாதுகாப்பு இயக்ககத்து இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை ஐடிஐ ஷெட்டுக்குள்ளயும் வரட்டும்னு ஒரு அரசாணை போடுறதுக்கு எந்த ஒன்றிய அரசோட அனுமதியும் வேண்டாம்னுதான் நான் நினைக்கிறேன். நம்ம கட்சி இதைச் சட்டமன்றத்துல கேட்கணும். 1948-ல் இருந்து யார் யாரோ ஆண்டுட்டாங்க, அதனால இதுல ஆளுங்கட்சி எதிர்க்கட்சி கணக்கைப் பார்க்காதீங்க.

தலைமைக்கு நம்ம கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கேன். அதுவரைக்கும் ஐடி அணி என்ன பண்ணலாம்?

முதல்ல, பண்ணக் கூடாதது. லேத் விபத்து சிசிடிவி வீடியோ வந்தா ஃபார்வர்டு பண்ணாதீங்க. நானே ஒரு தடவை "எச்சரிக்கை"ன்னு கேப்ஷன் போட்டுப் பகிர்ந்திருக்கேன். லைக் நல்லா வந்துச்சு. அந்தப் பையனோட அம்மா போனுக்கும் அது ஒருநாள் போகும்னு அப்போ தோணல.

பண்ண வேண்டியது ஆர்டிஐ. நம்மகிட்ட ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஆள் இருக்கு. பத்து ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் கொடுக்கணும். பெரிய கேள்வி கேட்காதீங்க, "பாதுகாப்பு ஏற்பாடுகள் உள்ளனவா"ன்னு கேட்டா "உள்ளன"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிடுவாங்க. ஒவ்வொரு அரசு ஐடிஐக்கும் தனித்தனியா, நம்பரா பதில் வர்ற மாதிரி கேளுங்க. கடந்த அஞ்சு வருஷத்துல பட்டறையில மாணவர்களுக்கு ஏற்பட்ட காயங்கள் எத்தனை, அதுக்கான பதிவேட்டோட நகல். லேத் எத்தனை, அதுல அவசர நிறுத்த பட்டன் வேலை செய்யுறது எத்தனை. டிரில்லிங் மெஷின் எத்தனை, வைஸ் எத்தனை. மின்சாரப் பட்டறையில ஆர்சிசிபி இருக்கா, கடைசியா டெஸ்ட் பண்ண தேதி என்ன. முதலுதவிப் பெட்டியின் சாவி யாருகிட்ட. பதிவேடே இல்லைன்னு பதில் வந்தா அதையும் அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, அதுதான் நமக்கு முக்கியமான பதில். மாதிரி மனுவை நம்ம மாவட்டக் குழுவுல இன்னைக்கு ராத்திரியே போட்டுடுறேன். தனியார் கல்லூரிகளுக்கு நேரடியா ஆர்டிஐ போட முடியாது, அதுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துகிட்ட கேட்போம், ஆய்வு அறிக்கை இருந்தா கொடுங்கன்னு.

கடைசியா, இங்க படிச்சுக்கிட்டு இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு. உங்க நண்பனுக்கு அடிபட்டு, உங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டு வெள்ளைத் தாளைக் கொடுத்தா, பயப்படாதீங்க, எழுத மாட்டேன்னும் சண்டை போடாதீங்க. எழுதுங்க. தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதுங்க. வைஸ் இல்லாம எத்தனை நாளா வேலை நடந்ததுன்னு எழுதுங்க. அன்னைக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னு எழுதுங்க. அவங்க சொல்லச் சொல்ல எழுதாதீங்க, நடந்ததை எழுதுங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அந்தப் போட்டோவை எடுக்காததுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு உறுத்தல்.

மாதிரி மனு ராத்திரி ஒன்பது மணிக்குள்ள குழுவுக்கு வந்துடும். சந்தேகம் இருந்தா டீ பிரேக்ல என்னைப் பிடிங்க.